ஓடும் பிள்ளையின் திறன்: பிறப்பில் எவ்வளவு, பயிற்சியில் எவ்வளவு?

கேள்வியின் சாரம் இது. பதின்மூன்று வயது மகள் பள்ளிக்காக 600 மீட்டர் ஓடுகிறாள். மாவட்டப் போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்திருக்கிறாள். ஆறு மாதமாகக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று வாரத்தில் ஆறு நாள் பயிற்சி நடக்கிறது. ஆனால் ஓட்ட நேரம் குறையவில்லை. கடைசி இரண்டு மாதங்களில் சற்றுக் கூடியும் இருக்கிறது. உழைப்பு போதவில்லை என்கிறார் பயிற்சியாளர். நம் பரம்பரையில் ஓடினவர் யாருமில்லை, ரத்தத்தில் இல்லாதது எங்கிருந்து வரும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இதற்கிடையில், எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் பிள்ளை எந்த விளையாட்டுக்குப் பிறந்தது என்று சொல்லிவிடுவதாக ஒரு மரபணுச் சோதனையின் விளம்பரம் தந்தையின் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த மூன்றில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

மூன்றையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்பதே என் பதில். விளையாட்டில் மரபின் பங்கு பெரிது. அதை மறுப்பவர்கள் உண்மையை மறைக்கிறார்கள். பயிற்சியின் பங்கும் பெரிது. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் ஓட்ட நேரம் ஆறு மாதமாக நகரவில்லை என்றால், அதற்கு விடை தேட வேண்டிய முதல் இடம் பரம்பரையும் அல்ல, உழைப்பும் அல்ல. அவள் உடல் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அவள் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டுமே ஆகும். இவை தெரியாமல் பிறப்பா உழைப்பா என்று வாதிடுவது வீண்.

மரபின் தரப்பில் சொல்லக்கூடிய மிக வலுவான சான்றிலிருந்தே தொடங்குகிறேன். பின்லாந்தைச் சேர்ந்த ஈரோ மான்டிரான்டா என்ற பனிச்சறுக்கு வீரர் 1960 முதல் 1968 வரை மூன்று ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் உட்பட ஏழு பதக்கங்கள் வென்றார். 1964-இல் இன்ஸ்ப்ரூக்கில் 15 கிலோமீட்டர், 30 கிலோமீட்டர் இரண்டிலும் அவருக்கே தங்கம். அவருடைய ரத்தத்தில் சிவப்பணுக்கள் இயல்புக்கு மிக அதிகமாக இருந்ததால் ஊக்கமருந்து எடுக்கிறார் என்ற சந்தேகம் அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. 1993-இல் வெளியான மரபணு ஆய்வு வேறொரு விடையைத் தந்தது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவில் அவருக்குப் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருந்தது. சாதாரண ஆணுக்கு டெசிலிட்டருக்குப் பதின்மூன்று முதல் பதினேழு கிராம் வரை இருக்கும் ஹீமோகுளோபின் அவருக்கு இருபதைத் தாண்டியிருந்தது. தாங்குதிறன் போட்டியில் இது எத்தகைய செல்வம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அதே ஆய்வு அவருடைய விரிந்த குடும்பத்தில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோரைச் சோதித்து, ஏறத்தாழ முப்பது பேரிடம் அதே மாற்றத்தைக் கண்டது. உறவினரில் ஓரிருவர் பனிச்சறுக்கில் பேர் வாங்கினார்கள். மற்றப் பெரும்பாலோர் சாதாரணமாக வாழ்ந்தவர்கள். மான்டிரான்டாவோ ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ஊரில் சிறு வயதிலிருந்து சறுக்குக் கட்டையிலேயே நடமாடியவர். பிறகு எல்லைக்காவல் வேலையில் சேர்ந்து, பயிற்சிக்கு நேரமும் சம்பளமும் ஒருசேரக் கிடைத்தவர். ஒரே மரபணு இவ்வளவு வெளிப்படையாக வேலை செய்த அரிய குடும்பத்திலேயே நிலைமை இதுவென்றால், பிற குடும்பங்களில் ஒற்றை மரபணுவைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் கூற்றை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் சோதனைகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மரபணுக்களையே பார்க்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது ஏ.சி.டி.என்.3. வேகத் தசை இழைகளில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்துக்கான மரபணு இது. 2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், குறுந்தொலைவு ஓட்டம் போன்ற வேக விளையாட்டுகளின் உயர்நிலை வீரர்களிடம் இம்மரபணுவின் செயலிழந்த வடிவம் மிக அரிதாகவே இருப்பதைக் காட்டினார்கள். உண்மையான, மதிக்கத்தக்க கண்டுபிடிப்புதான். ஆனால் அதை வணிகமாக்கியபோது தலைகீழாக்கிவிட்டார்கள். உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தப் புரதம் சுத்தமாக இல்லை. மீதி ஐந்தில் நால்வருக்கு, அதாவது பல நூறு கோடிப் பேருக்கு, இருக்கிறது. அந்த நால்வரில் ஒருவராக இருப்பதால் ஒரு பிள்ளை ஓட்டக்காரியாகிவிடுவதில்லை. தசைத் திறனில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் இந்த ஒரு மரபணு விளக்குவது இரண்டு மூன்று சதவீதம் மட்டுமே.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். சுவரில் கோடு போட்டு அளந்துவிடக்கூடிய எளிய பண்பு அது. நல்ல ஊட்டம் கிடைக்கும் சமூகங்களில் அதன் வேறுபாட்டில் ஏறத்தாழ எண்பது சதவீதம் மரபால் வருவது. 2022-இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவைத் திரட்டிச் செய்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,111 மரபணு மாறுபாடுகளைக் கண்டது. அத்தனையையும் கூட்டியும், ஐரோப்பிய வம்சாவளியினரின் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தையே விளக்க முடிந்தது. தெற்காசியர் உள்ளிட்ட பிறருக்கு அதன் துல்லியம் இன்னும் குறைவு, ஏனெனில் தரவின் பெரும்பகுதி ஐரோப்பியருடையது. உயரத்துக்கே இதுதான் நிலை. ஓட்டம் என்பதோ இதயம், நுரையீரல், ரத்தம், தசை, எலும்பின் நீளம், தசைநாரின் விறைப்பு, வலியைப் பொறுக்கும் மனம் ஆகிய அனைத்தும் சேர்ந்தது. 2015-இல் விளையாட்டு மரபியல் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, பிள்ளைகளின் திறமையைக் கண்டறியவோ பயிற்சியைத் தீர்மானிக்கவோ இத்தகைய வீட்டுச் சோதனைகளுக்கு இடமில்லை என்று தெளிவாகவே சொன்னது. எனவே அந்தப் பணத்தை நல்ல காலணிக்குச் செலவிடுங்கள்.

இப்படிச் சொல்வதால், மரபு ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பயிற்சிக்கு உடல் எவ்வளவு இணங்குகிறது என்பதே பெருமளவு மரபைச் சார்ந்தது. இதை உழைப்பின் கட்சிக்காரர்கள் பேசுவதில்லை. 1990-களில் வட அமெரிக்காவில் நடந்த ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில், அதுவரை உடற்பயிற்சி செய்யாதிருந்த 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு, வாரம் மூன்று நாள் வீதம் இருபது வாரம், மேற்பார்வையோடு ஒரே வகைச் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். உடல் உச்சநிலையில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். சராசரி முன்னேற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர். ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் கூடியது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கூடவில்லை. ஒரே குடும்பத்தார் ஒரே மாதிரி முன்னேறும் போக்கு தெளிவாகத் தெரிந்தது. முன்னேற்றத்தின் வேறுபாட்டில் பாதியளவு, கணக்கின்படி 47 சதவீதம், குடும்பவழி வருவது என்று மதிப்பிட்டார்கள். இன்னொரு செய்தி உங்களுக்கு முக்கியமானது: தொடக்கத்தில் ஒருவர் எந்த நிலையில் இருந்தார் என்பதற்கும், பிறகு எவ்வளவு முன்னேறினார் என்பதற்கும் தொடர்பே இல்லை. முதல் நாள் ஓட்டத்தைப் பார்த்துத் தேர்வு செய்யும் பயிற்சியாளர், மெதுவாகத் தொடங்கி மளமளவென்று முன்னேறக்கூடிய பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

பயிற்சிக்கு இணங்காத உடல் என்று ஒன்று உண்டா என்றால், அதிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. 2017-இல் வெளியான வேறோர் ஆய்வில், ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் பலன் தெரியாத ஆண்களுக்கு மேலும் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு அமர்வுகளைக் கூட்டிக் கொடுத்தபோது, பலன் காணாதவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. பிறப்பு எனும் பூட்டுக்குச் சரியான அளவுப் பயிற்சி திறவுகோலாக அமையக்கூடும் என்பதே இதன் பொருள். ஆனால் அவர்கள் வாரம் சில மணி நேரமே பயிற்சி செய்த வளர்ந்த ஆண்கள். ஏற்கெனவே வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் பயிற்சி செய்யும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இன்னும் கூட்டு என்று இதிலிருந்து முடிவெடுப்பது விபரீதம்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் உச்சத்தைத் தொடலாம் என்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் உளவியலாளர் எரிக்சனும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில், மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக அந்த அளவு தனிப்பயிற்சி செய்திருந்தார்கள் என்று வருகிறது. அந்தச் சராசரியைப் பின்னால் வந்தவர்கள் விதியாக்கிவிட்டார்கள். விளையாட்டு குறித்த ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, திட்டமிட்ட பயிற்சியின் அளவு திறன் வேறுபாட்டில் விளக்குவது 18 சதவீதம். உயர்நிலை வீரர்களுக்குள் ஒப்பிட்டால் ஒரே ஒரு சதவீதம். உச்சியில் நிற்கும் அனைவரும் உழைத்தவர்களே, ஆகவே அங்கே உழைப்பின் அளவு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

இனி உங்கள் மகளின் வயதுக்கு வருகிறேன். பெண் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இது பதினான்கை ஒட்டி வருகிறது. இவை சராசரிகள் மட்டுமே. சான்றிதழில் ஒரே வயதுள்ள இரு பிள்ளைகளின் எலும்பு வயது, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு, நான்கைந்து ஆண்டுகள்கூட வேறுபடலாம். பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் கோட்டில் நிற்பவர்களைப் பாருங்கள்: பூப்பெய்தி வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும் ஒருத்தி, வளர்ச்சி இன்னும் தொடங்கவே தொடங்காத ஒருத்தியின் பக்கத்துப் பாதையில் நிற்பாள். முன்னவளுக்குக் கால் நீளம் அதிகம், தசை அதிகம், இதயம் பெரிது. அவள் வென்றால் திறமைசாலி என்கிறோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூப்பு எப்போது வரும் என்பதும் பாதிக்குக் குறையாமல் மரபால் தீர்மானிக்கப்படுவது. எனவே பதின்மூன்றில் நாம் ‘பிறவித் திறமை’ என்று வியப்பது பல நேரங்களில் மரபின் வேலைதான்; ஆனால் அது ஓட்டத்துக்கான மரபு அல்ல, முந்தி வளர்வதற்கான மரபு. பதினெட்டில் எல்லோரும் வளர்ந்து முடித்த பிறகு அந்த மரபுக்கு விலையில்லை.

பிறந்த மாதத்துக்கும் இத்தகைய பங்கு உண்டு. கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதை 1985-இலேயே எழுதிவிட்டார்கள். வயது வரம்பு ஜனவரி முதல் நாளில் தொடங்குவதால் வந்த வினை அது. நம் ஊர் மைதானங்களில் இதைவிடப் பெரிய பிரச்சினை சான்றிதழ் வயதே பொய்யாக இருப்பது. கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பதும் இதனால்தான். உங்கள் மகள் யாரோடு தோற்கிறாள் என்பதைப் பார்க்கும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு கட்டம் இருக்கிறது. பயிற்சியாளர்களில் பலர் அதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். பூப்பையொட்டி இடுப்பு அகன்று, உடலில் கொழுப்பின் பங்கு இயல்பாகவே கூடும். ஆண் பிள்ளைக்கு அதே காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகித் தசையையும் சிவப்பணுக்களையும் கூட்டுவதால், பயிற்சியே செய்யாதவனும் ஆண்டுக்கு ஆண்டு வேகமாகிறான். பெண்ணுக்கோ, உடல் எடையோடு ஒப்பிட்ட ஆக்சிஜன் திறன் தேங்குகிறது, சில காலம் குறையவும் செய்கிறது. ஓட்ட நேரம் ஓராண்டு, ஈராண்டு அப்படியே நிற்கும். புதிய உடலின் நீளத்துக்கும் எடைக்கும் ஏற்ப ஓடும் முறை திரும்பவும் பழக வேண்டும். அதன் பிறகு முன்னேற்றம் மீளும். இந்த இடைவெளியில்தான் ‘முன்பு நன்றாக ஓடினாள், இப்போது சோம்பேறியாகிவிட்டாள்’ என்ற பழிச்சொல் விழுகிறது, எடையைக் குறை என்ற கட்டளை வருகிறது, பிள்ளை மைதானத்தை விட்டுப் போகிறாள். மிக மோசமாக, சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குகிறாள். மாதவிடாய் தொடங்கிய பின் மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனாலோ, பதினைந்து வயது நிறைந்தும் தொடங்கவில்லை என்றாலோ, மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடும் பயிற்சியில் அது சகஜம் என்று சொல்லும் பயிற்சியாளர் எலும்பின் அடர்த்தியைப் பற்றி அறியாதவர்.

வளர்ச்சியைக் கண்டறிய எக்ஸ்ரேகூடத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், வெறுங்காலோடு சுவரோரம் நிற்க வைத்து உயரத்தைக் குறித்து வாருங்கள். ஆண்டுக்கு ஏழு எட்டு சென்டிமீட்டர் வேகத்தில் உயர்கிறாள் என்றால் அவள் வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கிறாள். அப்போது ஓட்ட நேரம் தேங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் முழங்கால் முன்பக்கமும் குதிகாலும் வலிப்பது, எலும்பு நீளும் இடங்களான வளர்தட்டுகள் இழுபடுவதால். அதன் மேல் ஓட விடாதீர்கள்.

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். என் கணிப்பில் இதுவே உங்கள் மகளுக்கு மிகுதியும் பொருந்தக்கூடியது. ஏனெனில் நேரம் நின்றது மட்டுமல்ல, கூடவும் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். மான்டிரான்டாவுக்கு இயற்கை இருபது கிராமுக்கு மேல் அளித்த அதே ஹீமோகுளோபின், நம் பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பன்னிரண்டைத் தொடவில்லை. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தால், இதயம் தள்ளும் ஒவ்வொரு துளி ரத்தமும் ஆறில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே தசைக்குக் கொண்டுபோகிறது. 600 மீட்டரில் கடைசி 200 மீட்டரில் கால் கனப்பதாகவும் மூச்சு எட்டாததாகவும் பிள்ளை சொல்வாள். அதைத்தான் பயிற்சியாளர் உழைப்புக் குறைவு என்றும் பாட்டி பரம்பரை என்றும் படிக்கிறார்கள்.

ஓடும் பெண்களுக்கு இரும்பு இழப்பு மற்றவர்களைவிட அதிகம். மாதவிடாயில் போகிறது, வியர்வையில் சிறிது போகிறது, பாதம் திரும்பத் திரும்பத் தரையில் அறைவதால் சிவப்பணுக்கள் உடைகின்றன. கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்கு ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும் சேமிப்பிலுள்ள இரும்பு வற்றியிருப்பதுண்டு. ஆகவே ஹீமோகுளோபினோடு, அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கும். ஃபெரிட்டினுக்கு வெளி ஆய்வகத்துக்குப் போக நேரலாம், அப்போதும் மரபணுச் சோதனையின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் மகள் விழுங்குகிறாளா, சன்னலுக்கு வெளியே போடுகிறாளா என்பதைக் கடிந்துகொள்ளாமல் கேட்டுப் பாருங்கள். வயிற்றைப் புரட்டுவதால் போடுபவர்களே மிகுதி. பூச்சி மருந்தும் தவறக் கூடாது. சாப்பிட்ட உடனே தேநீர் வேண்டாம். கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். அளவு பார்க்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும், அவர்களுக்கு இரும்பு மருந்தல்ல. மருத்துவர் சொல்லும் அளவுதான் சரி. குறை இருந்து அது சரியானால், இரண்டு மூன்று மாதத்தில் ஓட்ட நேரமே பேசும்.

‘பரம்பரையில் இல்லை’ என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். பி.வி. சிந்துவின் தந்தை 1986 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய வாலிபால் அணியில் ஆடியவர், தாயும் வாலிபால் வீராங்கனை. சிந்துவின் உயரம் அவர்கள் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளையாட்டுக்காரர் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மரபணுவோடு வேறொன்றும் கிடைக்கிறது: விடியற்காலையில் எழுப்பி வெகுதூரம் பயிற்சிக்கு அழைத்துச் செல்வதை வீண் வேலையென்று நினைக்காத பெற்றோர். இவ்விரண்டையும் பிரித்தெடுக்க ஒரு குடும்பத்தின் கதையால் முடியாது. மறுபுறம், உங்கள் குடும்பத்தில் ஓடினவர் இல்லை என்பதற்கு, ஓட வல்லவர் இல்லை என்று பொருளில்லை. முந்தைய இரு தலைமுறைப் பெண்களில் எத்தனை பேரைப் பூப்புக்குப் பின் மைதானத்துக்கு விட்டார்கள்?

ஒரு சமூகத்தையே ரத்தத்தை வைத்து எடைபோட்ட வரலாறும் நம் நாட்டில் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம், சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் கீழ், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் வாழும் சித்தி மக்களின் பிள்ளைகளைத் தடகளத்துக்கென்று தேர்ந்தெடுத்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர், ஆகவே ஓடுவார்கள் என்பதே அடிப்படை எண்ணம். ஆப்பிரிக்கா ஒரே உடலல்ல. மனித மரபின் பன்மை அங்கேதான் மிக அதிகம். தொலைதூர ஓட்டத்தில் பேர்பெற்ற கென்யாவின் கலென்ஜின் மக்களும், சித்திகளின் முன்னோர் வந்த தென்கிழக்குப் பகுதியினரும் வெவ்வேறு மரபினர். எடுத்த பிள்ளைகளில் சிலர் தேசிய அளவில் பதக்கம் வாங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். சில ஆண்டுகளில் பலன் பார்க்க நினைத்ததும், பயிற்சிக்குப் பின் வாழ்வாதாரம் என்ன என்பதை யோசிக்காததும்தான் திட்டத்தின் தோல்வியே தவிர, அந்தப் பிள்ளைகளின் மரபு அல்ல என்பது என் கருத்து.

அந்தக் கலென்ஜின் ஓட்டக்காரர்களைப் பற்றியும் சில வாக்கியங்கள். அவர்களுக்குக் கெண்டைக்கால் மெலிந்து நீண்டிருப்பதால் ஒவ்வோர் எட்டிலும் சக்தி மிச்சமாகிறது, இது பெரும்பாலும் பிறப்பால் வருவது. ஆயினும் விளம்பரச் சோதனைகள் பார்க்கும் ஏ.சி.டி.என்.3 போன்ற மரபணுக்களில் கென்யாவின் உலகத்தர ஓட்டக்காரர்களுக்கும் சாதாரணக் கென்யர்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலுள்ள இட்டென் என்ற சிற்றூரின் புனித பேட்ரிக் பள்ளிக்கு 1976-இல் புவியியல் கற்பிக்க வந்த அயர்லாந்துத் துறவி கோல்ம் ஒகானல், தடகளத்தில் எந்தப் படிப்பும் இல்லாதவர். அவரிடம் பழகியவர்களுள் ஒருவரே 800 மீட்டரில் 1 நிமிடம் 40.91 விநாடி ஓடிய டேவிட் ருடிஷா, அவருடைய தந்தையும் 1968 ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட வெள்ளி வென்றவர்.

பயிற்சியின் அளவைப் பற்றி: பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒழுங்குமுறைப் பயிற்சி செய்கிறதோ, அந்த எண் அதன் வயதைத் தாண்டினால் மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுகின்றன என்று அமெரிக்காவில் இளம் வீரர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. உங்கள் மகளுக்கு வயது பதின்மூன்று, பயிற்சி பதினெட்டு மணி நேரம். காலைப் பயிற்சியை வாரம் இரண்டாகக் குறையுங்கள். அந்த நேரத்தில் தூங்கட்டும். மாலைகளில் ஒன்றிரண்டைக் கபடிக்கோ கோகோவுக்கோ பந்தாட்டத்துக்கோ கொடுங்கள். இது நேரவிரயமல்ல. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் வாழ்க்கையைத் தொகுத்து 2021-இல் வெளியான ஆய்வில், உலகத்தரம் எட்டியவர்கள் தேசியத் தரத்தோடு நின்றவர்களைக் காட்டிலும் சிறுவயதில் பல விளையாட்டுகள் ஆடியிருந்தார்கள், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருந்தார்கள், தொடக்கத்தில் மெதுவாகவே முன்னேறினார்கள். இளையோர் பிரிவில் முந்தியவர்களின் கதையோ நேர்மாறாக இருந்தது.

600 மீட்டரே அவளுடைய போட்டி என்று இப்போது முடிவு கட்டவும் வேண்டாம். பி.டி. உஷா 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, பதினாறு வயதில், மாஸ்கோவில் அவர் ஓடியது 100 மீட்டர். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. 1984-இல்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள்.

அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரத்தச் சோதனை முடிந்து, குறை இருந்தால் அதற்கு மருந்து தொடங்கி, பயிற்சியைக் குறைத்து ஒரு பருவம் கழித்து அனுப்புங்கள். இந்த ஆண்டுத் தேர்வே நெருங்கிவிட்டதென்றால் பழக்கத்துக்காகப் போய்வரட்டும், ஆனால் எடுக்கவில்லை என்றால் அதை அவளுடைய திறனைப் பற்றிய தீர்ப்பாக வீட்டில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மேல் வகுப்புகளுக்கும் தேர்வு நடக்கிறது. எடுத்துக்கொண்டார்கள் என்றால், சேர்க்கும் நாளில் அவளுடைய உயரக் குறிப்பையும் ஹீமோகுளோபின் அறிக்கையையும் விடுதிப் பயிற்சியாளரிடம் ஒரு நகல் கொடுத்துவிட்டு வாருங்கள்.